கொள்கைக்கு ஒரு நாள் பட்டினி

தன் கருத்தோடு தானே சண்டைக்குப் போய், அந்தச் சண்டையில் யோக்கியமாகத் தோற்கவும் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் பெங்களூரில், மல்லேஸ்வரத்தில், நான் தங்கியிருந்த மெஸ்ஸின் மாடியில், என் அறைக்கு எதிர் அறையில் இருந்தார். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். மறுக்கிறவர்கள் அவரோடு ஒரு வாரம் பக்கத்து அறையில் இருந்துவிட்டு வந்து மறுக்கட்டும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ஏகாதசி. முகத்துக்கு நேரே என்றால் ஏகாதசி சார். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பெயர் என்பது கூப்பிடுகிறவனுடைய சௌகரியம் என்பது அவருடைய அபிப்பிராயம். அபிப்பிராயம் இல்லாத விஷயமே அவரிடம் கிடையாது.

பெயர் வந்த கதை இது. மெஸ் நடத்திய நரசிம்மன் மாமா ஆசாரமான வைஷ்ணவர். ஏகாதசி வந்தால் அவர் மெஸ்ஸில் அரிசி உலை ஏறாது. ரவை உப்புமா, வாழைப்பழம், மோர், அவ்வளவுதான். புதிதாக வந்து சேர்ந்த நம் ஆள் முதல் ஏகாதசியன்று தட்டைப் பார்த்தார். தனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆகவே சாதம் வேண்டும் என்று முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தார். மாமா அசரவில்லை. நம்பிக்கை இருக்கிறவன் தனக்குப் பிடித்ததை ஒரு நாள் விடுகிறான், உம்மால் அதுகூட முடியாதோ என்று கேட்டுவிட்டு அடுத்த தட்டுக்கு உப்புமா போடப் போய்விட்டார்.

மாமா ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். கேட்டவர் அப்படி விட்டுவிடுகிற ஆசாமி இல்லை. அன்று பகல் முழுக்க யோசித்து, தனக்கு மிகவும் பிடித்தது சாதம் இல்லை, தன் கொள்கைகள்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். அடுத்த ஏகாதசியிலிருந்து உப்புமாவை இரண்டு தரம் வாங்கி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கொள்கை ஒன்றைப் பட்டினி போட ஆரம்பித்தார். தான் உயிராக நம்பிய ஏதாவது ஒன்றை அன்று நம்பமாட்டார். வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நினைக்காதீர்கள். அதற்கு நேர் எதிரானதை மனசார நம்பப் பார்ப்பார், அதற்காக வாதாடுவார், அதன்படி நடப்பார். மறுநாள் துவாதசிக் காலையில் பழைய கொள்கையைத் திரும்பக் கூப்பிட்டு, அது இன்னும் சொந்தக் காலில் நிற்கிறதா என்று பார்ப்பார்.

முதலில் விட்டது நாத்திகத்தை. குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். பட்டர் என்ன வேண்டுதல் என்று கேட்க, தன் தொழிற்சாலை இருக்கிற பீன்யாவுக்குப் போகிற பஸ் உடனே வரவேண்டும் என்று அர்ச்சனை செய்துகொண்டு நிறுத்தத்துக்கு வந்தார். பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது. அன்று முழுக்க ஆபீஸில் அவருக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை முகம் வெளிறி என் அறைக்கு வந்தார்.

"கேட்டேன், வந்துடுச்சி. இனிமே நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்றார்.

என் அறையில் என்னோடு இருந்த சிவசாமி பாங்கில் குமாஸ்தா. நெற்றியில் விபூதி இல்லாமல் மாடிப்படி இறங்காதவன். அவன்தான் பரிதாபப்பட்டு, அந்த பஸ் தினமும் அதே நேரத்துக்கு வருகிற பஸ்தான் என்று எடுத்துச் சொன்னான். ஒரு பக்தன் ஆறுதல் சொல்லி ஒருவரை நாத்திகத்தில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

பணக்காரர்கள் மேல் அவருக்கு இருந்த கோபத்தை விட்ட ஏகாதசியன்று, சதாசிவநகரில் ஒரு பங்களா வாசலில் நின்று அந்த வீட்டுக்காரருக்கு நியாயம் செய்யப் பார்த்திருக்கிறார். கூர்க்கா வந்து என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "உங்க முதலாளி பக்கம் என்ன நியாயம் இருக்குன்னு பாத்துட்டிருக்கேன்" என்று உண்மையைச் சொன்னார். கூர்க்கா முதலாளி பக்கம் நின்றான்.

பட்டினி கிடந்த கொள்கைகள் சில மறுநாள் முன்னைவிடக் கொழுத்துத் திரும்பின. சில இளைத்துத் திரும்பின. ஒன்று திரும்பவே இல்லை. பெண்கள் வேலைக்கு வந்தால் ஆண்கள் பிழைப்பு கெடும் என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். ஒரு ஏகாதசிக்கு விட்டார், துவாதசியில் கூப்பிட்டார், அது வரவில்லை. அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆபீஸில் ஒவ்வொரு டைப்பிஸ்ட் மேஜையாகப் போய், இத்தனை நாள் உங்களைப் பற்றித் தப்பாக நினைத்ததற்கு மன்னிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். என்ன தப்பாக நினைத்தார் என்று அவர்கள் கேட்க, இவர் விளக்க, விஷயம் மேனேஜர் வரைக்கும் போனது.

காவிரித் தண்ணீர் விவகாரம் சூடாக இருந்த நாட்களும் உண்டு. அப்போது பஸ்ஸில் தமிழ் பேசினால் எங்கள் குரல் தானாகவே இறங்கும். அந்தச் சமயத்தில் வந்த ஏகாதசிக்கு இவர் எதை விட்டார் தெரியுமா? தமிழ்நாட்டுப் பக்க நியாயத்தை. மெஸ்ஸில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கர்நாடகத்து மண்டியா விவசாயிக்காக வாதாடினார். அத்தனை பேரும் தமிழர்கள். ஒருவரும் அவருக்கு மோர்ப் பாத்திரத்தை நகர்த்தவில்லை. துவாதசியன்று பார்த்தால் பழைய கொள்கை ஆட்டம் கண்டிருந்தது. அப்படியானால் இப்போது தன் கொள்கை மண்டியா பக்கம் என்று ஆகிவிட்டதே, அடுத்த ஏகாதசிக்கு அதைத்தானே விடவேண்டும்? விட்டார். பீன்யாவில், தொழிற்சாலை கேன்டீனில், சுத்தமான கன்னடத்தில், தஞ்சாவூர் விவசாயிக்காக ஒரு மணி நேரம் பேசினார். கேன்டீனே கொந்தளித்தது. ஆனால் அவரோடு மேஜையைத் தட்டிச் சண்டை போட்ட அதே ஆட்கள், இந்த மனுஷன் பஸ்ஸில் இப்படி வாயைத் திறந்தால் வம்பு என்று சாயங்காலம் கம்பெனி வேனில் ஏற்றி, மெஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த ஆட்களை இன்றும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கும்.

இப்படிப்பட்டவர் எதற்கு மெஸ்ஸில் கிடந்தார் என்று கேட்பீர்கள். அவருடைய சொந்த வீடு இரண்டு கிராஸ் தெரு தள்ளி, முன்னால் மாமரம் நிற்கிற வீடு. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து, மகாராஜா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்தில் இருந்த குடும்பம். அப்பா போன பிறகு, சம்பாதிக்காத சொத்தை அனுபவிப்பது நியாயமா என்று அண்ணனோடு வாதம் வந்தது. இவர் வாதத்தில் ஜெயித்தார். ஜெயித்ததால் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டியதாயிற்று. தோற்ற அண்ணன் வீட்டில் இருந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் குடியாத்தத்துக்காரன். அப்பா லாரி ஓட்டினார். ராஜாஜி நகரில் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். இரண்டு மாதமாக வேலை இல்லை. ஊரில் என் அக்கா புருஷன் மளிகைக் கடை வைத்திருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வேலை ஆகவில்லை என்றால் கடைக்கு வந்து பொட்டலம் கட்டு, உனக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் நல்லவர்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணை மூடினால் ஸ்டூல் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஏகாதசி சாருடைய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் உதவியாளர் இடம் ஒன்று காலியானது. இன்டர்வியூ வியாழக்கிழமை. இவர் பர்ச்சேஸில் சீனியர், மேனேஜருக்கு இவர்மேல் மரியாதை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வாரா? சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பு ஆடும். எதிரில் இல்லாத ஒருவனுடைய இடத்தைப் பிடுங்கி எதிரில் இருக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் சிபாரிசு என்பார். அவருடைய கொள்கைகளிலேயே தலைக்கொள்கை அதுதான், அதை மட்டும் அவர் ஒரு ஏகாதசிக்கும் விட்டதில்லை. எந்த ஹோட்டலில் தோசை நன்றாக இருக்கும் என்று கேட்டால்கூடச் சொல்லமாட்டார். பக்கத்து ஹோட்டல்காரனுக்கு அநியாயமாம்.

நான் கேட்கவில்லை, கூச்சமாக இருந்தது. சிவசாமிதான் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை ஏகாதசி. இன்டர்வியூ முடிந்த மறுநாள். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு துள்ளி எழுந்தான். சில மாதங்களில் ஏகாதசி இரண்டு நாள் வரும். ஸ்மார்த்தர்களுக்கு முதல் நாள், வைஷ்ணவர்களுக்கு மறுநாள். அந்த மாதம் அப்படித்தான் விழுந்திருந்தது. வியாழக்கிழமை ஸ்மார்த்த ஏகாதசி.

காலண்டர் தாளோடு எதிர் அறைக்கு ஓடினோம். ஏகாதசி சார் நிதானமாகக் கேட்டார். தான் சாப்பிடுவது நரசிம்மன் மாமா மெஸ்ஸில், மாமாவுக்கு என்றைக்கு ஏகாதசியோ அன்றைக்குத்தான் தனக்கும் என்றார்.

"சார், நீங்க சாமியே இல்லைங்கறவர். உங்களுக்கு எந்த ஏகாதசியா இருந்தா என்ன?" என்றான் சிவசாமி.

"நாத்திகன்தான். ஆனா வைஷ்ணவ நாத்திகன்" என்றார்.

சிவசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே போய் மாமாவிடம் முறையிட்டான். மாமா தன் வாழ்நாளில் ஸ்மார்த்த ஏகாதசியைக் கணக்கில் எடுத்தவர் இல்லை. எடுத்தவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டவரும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இரண்டு மாதமாக அவரிடம் கடன் சாப்பாடு சாப்பிடுகிறவன், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"வியாழக்கிழமை உலை ஏறாது. இந்த மாசம் என் மெஸ்ஸுல ரெண்டு நாளும் ஏகாதசி. போய்ச் சொல்லு அவர்கிட்ட" என்றார்.

சொன்னோம். ஏகாதசி சார் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தார். காரியத்துக்காக விரதம் வைத்தால் அது விரதம் இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாமாவே தன் கொள்கையை விட்டுட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை அவரும் நானும் ஒரே பஸ்ஸில் பீன்யாவுக்குப் போனோம். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனக்குள் வாதாடிக்கொண்டு வந்தார். கை மட்டும் ஆடியது. யஷ்வந்தபுரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"குமரேசன், நான் இந்தக் கம்பெனிக்கு எப்படி வந்தேன் தெரியுமா? எனக்கு யாரும் சிபாரிசு பண்ணல. அதை ஊர் பூராச் சொல்லிட்டிருக்கேன். இன்டர்வியூல ஒரே கேள்விதான். 'யார் மகன்ப்பா நீ?' எங்கப்பா பேரைச் சொன்னேன். 'ஓ, அவர் பையனா, உக்காரு'ன்னாங்க. அவ்வளவுதான்."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"வீட்டை விட்டுட்டு வந்தேன். பேரை விடலை. அது கூடவே வந்து எனக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கு. எனக்கு சிபாரிசு தேவைப்படாமப் போச்சு, அதை நான் கொள்கைன்னு வெச்சிட்டிருக்கேன். உங்கப்பா பேரை நீங்க சொன்னா அங்க யார் எழுந்திருப்பாங்க?"

யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். எங்கள் அப்பா பெயரைச் சொன்னால் குடியாத்தம் செக்போஸ்ட்டில் வேண்டுமானால் ஒருவர் கை காட்டுவார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் கொள்கை தோற்றதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார், ஆனால் தலைக்கொள்கை தோற்பது அன்றுதான். எனக்கு என் இன்டர்வியூவே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

தொழிற்சாலைக்குள் போனதும், மேனேஜரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். என் நெஞ்சு லேசானது. மனுஷன் நேரே போகவில்லை. வராந்தா பெஞ்சில் காத்திருந்தவர்கள் முன்னால் நின்று, ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில், உங்களுக்காக யாராவது உள்ளே சொல்லியிருக்கிறார்களா என்று கேட்க ஆரம்பித்தார். சிலர் முறைத்தார்கள். ஒருவன் எம்.எல்.ஏ. பெயரைச் சொன்னான், அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார். யாருமில்லை என்றவர்கள் என்னைச் சேர்த்து நாலு பேர். அதில் ஒரு பெண், ஊரின் மறுகோடியில் இருக்கிற சந்தாபுராவிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவள், கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். நாலு பேர் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனார்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது. சார், வாழ்க்கையில் முதல் தடவையாக சிபாரிசுக்கு வந்திருக்கிறேன் என்றார். மேனேஜர் சந்தோஷமாக யாருக்கு என்றார். இவர் நாலு பெயரையும் ஒப்பித்தார்.

"ஏன்ரீ இது? இருக்கறது ஒந்தே ஒந்து வேலை. நாலு பேருக்கு சிபாரிசா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார் மேனேஜர்.

"ஒருத்தருக்கு மட்டும் சொன்னா மத்த மூணு பேருக்கு அநியாயம் சார். இந்த நாலு பேரையும் யார் மகன், யார் மகள்னு கேக்காதீங்க. வேலை தெரியுமான்னு மட்டும் கேளுங்க. அதுதான் என் சிபாரிசு."

வெளியே பெஞ்சில் நான் கண்ணை மூடினேன். ஸ்டூல் தெரிந்தது.

வேலை சந்தாபுராப் பெண்ணுக்குக் கிடைத்தது. என்னைவிட நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மெஸ்ஸில் அன்று சாயங்காலம் சிவசாமி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாமா மறுநாள் தன் சொந்த ஏகாதசிக்கும் உப்புமாதான் கிண்டினார், எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

துவாதசியன்று தலைக்கொள்கையைக் கூப்பிட்டுப் பார்த்தாரா, அது என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு என் அறை வாசலில் நின்றார். சட்டையை மாட்டுங்க, போகலாம் என்றார். ராஜாஜி நகர், யஷ்வந்தபுரம், பீன்யா என்று தனக்குப் பழக்கமான கம்பெனி வாசலெல்லாம் என்னைக் கூட்டிப்போனார். முன்பின் சிபாரிசு செய்து பழக்கமில்லாத மனிதர். பொய் சொல்லவும் வராது. "இவர் கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்வார். முன்கோபம் உண்டு. இங்கிலீஷ் சுமார். ஆனா ஸ்டோர்ஸ்ல ஒரு ஆணி குறைஞ்சாலும் இவருக்குத் தூக்கம் வராது" என்பார். பல இடங்களில் முதல் மூன்று வாக்கியங்களோடு கதவு சாத்தப்பட்டது. ராஜாஜி நகரில் உதிரிபாகம் விற்கிற ஒரு கம்பெனி முதலாளி மட்டும் கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆளின் குறையைச் சொல்லி வேலை கேட்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். மறுநாளே வந்து சேரச் சொன்னார்.

முதல் சம்பளத்தில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போனேன். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"இருங்க. நான் சொல்லலைன்னா உங்க இடத்துக்கு வேற ஒருத்தர் வந்திருப்பார். அவர் யாருன்னு நமக்குத் தெரியாது. அவருக்கு நான் பண்ணினது என்னன்னு யோசிச்சிட்டிருக்கேன். அது முடியட்டும், அப்புறம் நன்றி சொல்லுங்க."

அது முடியவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி, மெஸ்ஸை விட்டு வந்து, வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டாயிரத்துக்குப் பிறகும் மல்லேஸ்வரம் சம்பிகே ரோட்டில் அவரை எப்போதாவது பார்ப்பேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளை விசாரிப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த விஷயம் இன்னும் தீரவில்லை குமரேசன், ஒரு நாள் சரி என்று படுகிறது, ஒரு நாள் தப்பு என்று படுகிறது என்பார். நானும் அவசரமில்லை சார், யோசியுங்கள் என்பேன். அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். சிவசாமிதான் போன் செய்து சொன்னான்.

தான் செய்தது சரியா தப்பா என்று அவருக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. எனக்கு அவர் விஷயத்தில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.